ஒரு சோடிச் சப்பாத்து

மொன்றியலில் போர்த்துக்கீசர் கடைகள் நிறைந்த தெருவில், காலணி திருத்தும் கிழவர் என் பையைத் திறந்து உள்ளே இருந்த காலணிகளைப் பார்த்ததும் "சப்பாத்து" என்றார்.

"ஐயா, நீங்க தமிழா?" என்று கேட்டுவிட்டேன்.

பத்து வயது மகள் பிரெஞ்சில் விசாரித்தாள். "இல்லையாம் அம்மா, போர்த்துக்கீசராம். அது அவங்கட சொல்லாம்."

எங்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் என்று அன்றுதான் தெரிந்தது. அப்பாவுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

கடையின் பொலிஷ் வாசனையும் அப்பாவை நினைவூட்டியது. அவர் தினமும் காலையில் பழைய சாரத்தைக் கிழித்த துணியால் முகம் தெரியும்வரை சப்பாத்தைத் தேய்ப்பார். இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய நாளில், பள்ளிக்கூட வாசலில் ஆண்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னது ஆமி. "பாத்துக்க புள்ள, இப்ப வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். எனக்கு அப்போது மகளின் வயது. பொழுது சாய்ந்தபோது மற்றவர்கள் வந்து தங்களுடையதை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சோடி மிஞ்சியது. அம்மா சாகும்வரை அதைத் தினமும் துடைத்தார்.

கிழவர் அந்தச் சப்பாத்தின் வெடித்த தோலைத் தடவியபடி ஏதோ கேட்டார்.

"கால் வச்சுப் பாக்கணுமாம். போடுறவர் வருவாரா எண்டு கேக்கிறார்" என்றாள் மகள்.

"வருவார் எண்டு சொல்லு" என்றேன்.