ஆட்டுக்காரப் பெண் சாகாத கதை

நட்பைப் பற்றிய சிறுவர் கதை என்றாலே எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது. ஊர்ப்புற நூலகத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்து, வந்து விழும் புத்தகங்களை எல்லாம் படித்துப் பார்த்தவள் நான். பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் சிநேகம் என்று ஆரம்பித்தால், மேற்கொண்டு என்ன நடக்கும் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டே சொல்லிவிடுவேன். ஒன்று, பணக்காரப் பிள்ளை தன் புதுச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கும். இல்லாவிட்டால் கிணற்றில் விழுந்த பணக்காரப் பிள்ளையை ஏழைப் பிள்ளை காப்பாற்றும். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தால்தான் சிநேகத்துக்கு லாயக்கு போலிருக்கிறது. சாதி என்ற சொல் மருந்துக்கும் இருக்காது. ஊரில் எல்லாருக்கும் பணம் ஒன்றுதான் பிரச்சினை என்று எழுதி வைத்திருப்பார்கள்.

எரிச்சலாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. வேலை அப்படி. அதியமான்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில், மாரியம்மன் கோயிலை ஒட்டிய சந்தில், மழை பெய்தால் ஒழுகும் ஒற்றை அறைதான் நூலகம். சம்பளம்தான் பகுதி நேரத்துக்கு, தூசி முழு நேரமும் உண்டு. தருமபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, பைபாஸில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, நடந்து போய்ப் பூட்டைத் திறந்தால் முதலில் துடைப்பத்தை எடுக்க வேண்டும். பெரியவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள், அதிலும் ராசிபலன் பக்கம். புத்தகத்தைத் தொடுவது பிள்ளைகள்தான். அதனால் கோடை விடுமுறையில் சாயங்காலம் தோறும் ஒரு கதையை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாவிட்டால் அந்த அறையின் வெக்கையில் தூங்கிவிடுவேன்.

அப்படிக் கதை கேட்க வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் இது. பெயர் வேண்டாம். ஒருத்தி வாயாடி. கோயிலுக்கு நேர் எதிரே மாடி வீடு, அப்பாவுக்குத் தக்காளித் தோட்டமும் பைபாஸில் டயர் கடையும் உண்டு. இன்னொருத்தி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த கண்ணாடியை மூக்கின்மேல் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பவள். கண்ணாடிக்காரி என்றே சொல்கிறேன். அவள் காலனி. பெயர்ப்பலகையில் இப்போது ‘நகர்’ என்று மாற்றி எழுதியாகிவிட்டது, ஊர் வாயில் இன்னும் காலனிதான். அவளுடைய அம்மா தொப்பூர் கணவாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்.

இரண்டு பேரும் ஏழாவது, ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லையாம். என் நூலகத்தில் நல்ல புத்தகம் எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், அதனால் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இருவர் மடியிலும் படும்படி புத்தகத்தை விரித்து வைத்து, ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். கண்ணாடிக்காரி வேகம். பக்கத்தை முடித்துவிட்டு மூலையில் விரலை வைத்தபடி காத்திருப்பாள். வாயாடி பாதியிலேயே நிமிர்ந்து, “இவன் இப்ப என்ன பண்ணுவான்னு நான் சொல்லட்டா?” என்று புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவிழ்த்து விடுவாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் அதட்டுவேன். அதட்டினாலும் எனக்கு அந்தப் பெஞ்சைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அன்றைக்கெல்லாம் அது ஒன்றுதான் சந்தோஷம்.

போன கோடையில் நான் எடுத்தது ஒரு பழைய புத்தகம். அட்டை போய்விட்டது, அதோடு எழுதியவர் பெயரும். பண்ணை பங்களாவில் ஒரு சிறுவன், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பெண், இரண்டு பேருக்கும் ரகசியமாக நட்பு. எனக்குப் பிடித்த கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் நல்ல இடத்தில் போய் நிற்கும். பிள்ளைகள் மறுநாள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கதை பாதியில் இருக்கும்போது மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. காப்புக் கட்டிவிட்டால், பண்டிகை முடியும்வரை காலனிக்காரர்கள் கோயில் சந்துக்குள் வருவதில்லை. வராதே என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால், “நாங்க யாரையும் தடுக்கறதில்லீங்களே” என்பார்கள். அது உண்மைதான், தடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை. நூலகம் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் பெஞ்சில் வாயாடி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் அடுத்த அத்தியாயத்துக்கு நச்சரித்தார்கள். நான் வாசித்தேன். வெளியே பம்பைச் சத்தம், அதற்கு மேல் கத்திக் கத்தி வாசித்ததில் தொண்டை கட்டிக்கொண்டது.

கடைசி அத்தியாயத்தில், நான் எதிர்பார்த்தபடியே, மழை கொட்டுகிறது. ஏரிக்குள் வழுக்கி விழுந்த பங்களாச் சிறுவனை ஆட்டுக்காரப் பெண் இழுத்துக் கரையேற்றுகிறாள். காய்ச்சல் கண்டு அவள் செத்துப்போகிறாள். சிறுவன் அழுகிறான், வளர்ந்து பெரிய மனிதனாகி அவள் பெயரில் பள்ளிக்கூடம் கட்டுகிறான். முடிந்தது.

வாயாடி எழுந்து நின்றுவிட்டாள்.

“எதுக்குக்கா அவ சாவணும்?”

“அப்படித்தான் எழுதியிருக்குது.”

“தண்ணியில வுழுந்தது அவன். காய்ச்சல் அவனுக்கில்ல வரணும்?”

அவள் செத்தால்தான் இவன் நல்லவனாக முடியும் என்பதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

பண்டிகை முடிந்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடி, சந்தெல்லாம் காய்ந்த பிறகு கண்ணாடிக்காரி வந்தாள். அன்றைக்கு அவளுடைய அம்மாவுக்கு வேலை இல்லை போல, அம்மாவின் போன் அவள் கையில் இருந்தது. வந்ததும் வராததுமாக அந்தப் புத்தகத்தைக் கேட்டாள்.

“அந்த வூட்டுக்குள்ள போற எடத்த இன்னொருக்கா படிக்கணும்கா.”

எந்த வீடு என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்திலிருந்து புரட்டினாள், முன்னால் போனாள், மறுபடி கடைசிக்கு வந்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

“செத்துட்டாளா?” என்றாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சாயங்காலம் நான் வாசித்து முடித்ததும், வாயாடி வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவின் போனிலிருந்து அன்றைய கதையை வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கிறாள். தொப்பூரிலிருந்து அம்மா வந்ததும் இவள் போனை வாங்கிக் கேட்டிருக்கிறாள். பண்டிகை முழுக்க இப்படி நடந்திருக்கிறது. கடைசி மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

“அப்பறம் அவன் கதவத் தொறந்து, உள்ள வா அப்படிங்கறான். அவ செருப்ப வெளிய வுட்டுட்டுப் போறா. ஹால்ல பெரிய மீன் தொட்டி இருக்குது. எல்லாம் ஆரஞ்சு மீனு. கரண்டு போனாலும் இன்வெர்ட்டர்ல லைட்டு எரியும். அதப் பாத்துட்டு நேரா சமையக்கட்டுக்கே போயிட்டா. அவங்கம்மா ரெண்டு பேருக்கும் களி போட்டு, கீரக்கொழம்பு ஊத்தி, பக்கத்துல பக்கத்துல உக்காந்து தின்னுங்க கண்ணுங்களான்னு சொன்னாங்க. அவ்ளோதான். கத முடிஞ்சிருச்சு.”

அந்தக் காலத்துப் பண்ணை பங்களாவில் இன்வெர்ட்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். நானும் எத்தனையோ சிறுவர் கதைகளைப் படித்துவிட்டேன், எந்தக் கதையிலும் ஒரு ஆட்டுக்காரப் பெண்ணை இப்படித் தயங்காமல் சமையல்கட்டு வரைக்கும் யாரும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அந்த நேரம் பார்த்து வாயாடி உள்ளே வந்தாள். மேசைமேல் கதைப் புத்தகம், தோழி கையில் போன். திருடியவளைப் போல நின்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள், இன்றோடு சரி என்றுதான் நான் நினைத்தேன். கண்ணாடிக்காரி அதைக் கேட்கவே இல்லை.

“அது உங்க வூடுதான?” என்றாள்.

“ஆமா.”

“மீன் தொட்டி இருக்குதா?”

“இருக்குது.”

“அப்ப நான் வரட்டா?”

வாயாடி என்னைப் பார்த்தாள். நான் பேரேட்டைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

“வா,” என்றாள் கடைசியில். “ஞாயித்துக்கெழம வா.”

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லை. கதையில் கதவைத் திறந்துவிட்டது ஒரு பிள்ளை. நிஜத்தில் கதவு அதன் கையிலா இருக்கிறது? வாசலிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், கண்ணாடிக்காரி அதற்கப்புறம் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டாள். நூலகத்துக்கும் வர மாட்டாள். அந்தப் பெஞ்சு போய்விடும். நான் பயந்தேன் என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை வாயாடியின் அம்மாவே வந்தார். நல்ல மனுஷி. கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை எனக்குக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்.

“பொண்ணு சொல்லிச்சுங்க. வரட்டும், அதுக்கென்னங்க. இப்பல்லாம் யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க,” என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்க மாமியார் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரிங்க. நான் பாத்துக்கறேன்,” என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லை நான் இந்த ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை போய்வருவதற்கு இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பதே அலுப்பாக இருந்தது.

அடுத்த வாரம் கண்ணாடிக்காரி சீக்கிரமே வந்தாள். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனாயா என்றதற்குத் தலையாட்டினாள். துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பெருக்கிக்கொண்டே சொன்னாள்.

போர்ட்டிகோவில் இரண்டு சேர் போட்டிருந்தார்களாம். உள்ளே வெக்கையாக இருக்கும், இங்கேதான் காற்று வரும் என்று வாயாடியின் அம்மா சொன்னாராம். படிப்பைப் பற்றி விசாரித்தார், தங்கமான பொண்ணு என்றார். மீன் தொட்டி ஜன்னல் வழியாகத் தெரிந்தது, நிஜமாகவே ஆரஞ்சு மீன்தான். காகிதத் தட்டில் முறுக்கும் பிஸ்கட்டும், பேப்பர் கப்பில் டீயும் வந்தன. கப்புகளைப் புதிதாக வாங்கியிருந்தார்கள், பக்கத்தில் பிரித்துப் போட்ட காலிக் கவர் கிடந்தது.

“அவ என்ன பண்ணா?” என்று கேட்டேன்.

“அவ உள்ள போயி இன்னொரு பேப்பர் கப்ப எடுத்துட்டு வந்து டீய ஊத்திக்கினா. அவங்கம்மா, ஒனக்குத்தான் உள்ள டம்ளர்ல வெச்சிருக்கறனேன்னாங்க. நான் இதுலயே குடிக்கறேன்னு சொல்லிட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்துக்கினா.”

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சபாஷ் என்று வாய்விட்டே சொன்னேன். எத்தனை கதை படித்தும் கிடைக்காத ஒரு முடிவு, கோயிலுக்கு எதிர் வீட்டுப் போர்ட்டிகோவில் நடந்திருக்கிறது. இதை அப்படியே எழுதினால் யாராவது பரிசுகூடக் கொடுப்பார்கள் என்று ஓடியது புத்தி. தன் டம்ளரை விட்டுவிட்டுத் தோழிக்காகக் காகிதக் கப்பில் குடித்த பெண். படம் போடுவதற்கும் நன்றாக இருக்கும்.

“நல்ல பொண்ணு இல்ல?” என்றேன்.

“ரொம்ப நல்லவக்கா,” என்றாள் கண்ணாடிக்காரி. குப்பையை ஒரு மூலையில் சேர்த்தாள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள். “ஆனா எனக்கு டம்ளர்ல குடிக்கணும்னுதாங்க்கா இருந்துச்சு. அவ உள்ளதான போனா. இன்னொரு கப்புக்குப் பதிலா எனக்கு ஒரு டம்ளர எடுத்துட்டு வந்திருக்கலாம்.”

நான் மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பரிசு வரைக்கும் போன புத்தியை நினைத்து அசிங்கமாக இருந்தது. இவளுக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கி வந்தவளைப் பார்த்து எல்லாரும் நெகிழ்ந்துகொண்டிருந்தோம்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வாயாடி வழியிலேயே யாரிடமோ பேசிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரி துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு அவசரமாக என் பக்கத்தில் வந்தாள்.

“அவகிட்ட இத சொல்லிடாதீங்க்கா,” என்றாள் மெதுவாக. “நல்லது செஞ்சிட்டோம்னு சந்தோசமா இருக்கறா. பாவம், அழுவா.”

சொல்லமாட்டேன் என்றேன். அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, வாயாடிக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.