நிலவறையில் மச்சாள்

மாமியின் மகள், என் மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே என் கட்டில் பறிபோயிற்று. மொன்றியலில் இருந்து அவளுடைய அப்பா வந்து கூட்டிப் போகும்வரை, இரண்டு கிழமைதான் என்றார் என் அப்பா. அதற்குள் காரில் யன்னலோர இடம், கோழிக்கால், அப்பா என்னை மட்டும் கூப்பிட்டுவந்த ‘குஞ்சு’ எல்லாம் அவளுக்குப் போய்விட்டன. இரண்டு பேருக்கும் ஒன்பது வயதுதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஊர் காட்டவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்ரவுனுக்குப் போனோம். அங்கே வானுயரக் கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்த்து இறங்க மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன்காரர் ஒல்லாந்தைப் பிடித்து வைத்திருந்ததையும், கனேடியப் படை போய் மீட்டதையும் காட்டும் இடம் அது. விளக்கம் சொன்ன கிழவி அந்தக் காலத்தில் ஒல்லாந்தில் சிறுமியாம். மீட்ட நாளில் ஒரு சிப்பாய் தனக்குச் சொக்கிலேற் தந்ததைச் சொன்னார். நான் அதை மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன். எனக்கும் ஒரு வேலை இருந்ததில் கொஞ்சம் பெருமை.

கடைசியாக, குண்டுவீச்சுக்குச் சனம் ஒளிந்திருந்தது போலச் செய்துவைத்த ஒரு நிலவறை. உள்ளே போனதும் ஒலிநாடாவில் விமானம் இரைந்தது. மச்சாள் தொப்பென்று குப்புற விழுந்தாள். முழங்கைகளை ஊன்றிக் காதைப் பொத்தி, சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஊரில் விமானம் குண்டு போட வந்தால் அப்படிப் படுக்கவேண்டுமென்று பள்ளிக்கூடத்திலேயே பழக்கியிருந்தார்களாம். கிழவி தரையில் குந்தி அவள் முதுகைத் தடவினார். அப்பா அழுதார். எனக்காக அவர் ஒருநாளும் அழுததில்லை. கிழவி கைப்பைக்குள் இருந்து சொக்கிலேற் எடுத்து அவளிடம் கொடுத்தார். இவ்வளவும் விழுந்தால் கிடைக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒலிநாடா திரும்ப ஓடத் தொடங்கியதும் நானும் விழுந்தேன், கையைக் காலை விரித்து மல்லாக்காக. சட்டை ஊத்தையாகுது, எழும்பு என்றார் அம்மா. அப்பா திரும்பியே பார்க்கவில்லை.

மச்சாள்தான் ஓடி வந்தாள். சொக்கிலேற் எங்கோ விழுந்தது. என்னைப் பிரட்டிப் போட்டாள்.

“குப்புறப் படு. நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது.”

சொல்லிக்கொண்டே என் மேல் படுத்து, தலையைக் கையால் மூடினாள். இதையும் பறிக்க வந்துவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது.

“நான்தான் முதல் படுத்தனான். நீ போ.”

முழங்கையால் இடித்தேன். விமானம் ஓயும்வரை அவள் அசையவில்லை.

என்னை ஒருவரும் பார்க்கக்கூடாதென்றே மேலே படுத்து மறைத்தாள் என்று, திரும்பிப் போகும்போது காரில் அம்மாவிடம் கோள் சொன்னேன்.