மிஸ்டர் இன்னார்

எனக்கு 'சர்நேம்' என்று ஒன்று இருப்பதே கம்பெனியில் அடையாள அட்டை கொடுத்த அன்றுதான் தெரிந்தது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அட்டை அச்சாகாதாம். ஆபீசில் ரொம்ப யோசிக்கவில்லை. கல்யாணம் ஆகாதவர்களுக்கு அப்பா பெயர், ஆன பெண்களுக்கு வீட்டுக்காரர் பெயர் என்று அடித்துத் தள்ளிவிட்டார்கள். அன்று முதல் என் வீட்டுக்காரர் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன்.

அது சும்மா தொங்கியவரை தொந்தரவு இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர்கள் இனி லைனில் நிற்பவர்களிடமே நேராகப் பேசுவார்கள் என்று சொல்லி, சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார்கள். நன்றாகப் பேசுகிற ஒருவர்தான் பையருக்கு லைனைச் சுற்றிக் காட்டுவார். சூப்பர்வைசர் வேலையும் அவருக்கே. நான் பி.ஏ. இங்கிலீஷ். எனக்குப் போட்டியே இல்லை என்று நானே முடிவு செய்து, முதல் நாள் என்ன சேலை கட்டுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

வேலூரிலிருந்து வந்த டீச்சர் சின்ன வயசுப் பெண். அவள் கொண்டுவந்த புத்தகத்தில் எல்லா வாக்கியத்திலும் ஒரு மிஸ்டர் ஸ்மித் இருந்தார். காபி குடித்தார், குடையைத் தொலைத்தார், ரயிலைத் தவறவிட்டார்.

"இந்த ஸ்மித் நமக்கு எதுக்கு? அவங்கவங்க கார்டுல இருக்கிற சர்நேமை வெச்சுச் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

கல்யாணமான பெண்கள் பக்கம் கப்சிப். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத கூட்டம் நாங்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லவைப்போம். பேரணாம்பட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் எழுந்து, பெயர் வரவேண்டிய இடத்தில் அட்டையைத் தூக்கிக் காட்டி, "ஈஸ் குட்" என்று முடித்து உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தக் காலத்திலும் இப்படியா என்ற சிரிப்பு. அடுத்தது என் முறை. கம்பீரமாக எழுந்தேன். "மிஸ்டர்" வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், எங்களுடையது காதல் கல்யாணம். முன்பெல்லாம் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். கோபம் வந்தால் கூடவே ஒரு 'டா'வும் சேரும். தாலி கட்டிய மறுநாள் நானாகவே 'ஏங்க' என்று ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை. மாமியார் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நல்ல மருமகள் என்று பெயர் எடுக்கும் ஆசை எனக்கு. பழியைப் போடக்கூட ஆள் இல்லை.

"இங்கிலீஷ் வராதாக்கா? பரவால்ல, கத்துக்கலாம்" என்றாள் டீச்சர். என் பி.ஏ. மானம் கப்பலேறியது. அடுத்த வாரம் மேனேஜரே வந்து ஆளை எடுப்பார் என்றும் சொன்னாள்.

வீட்டில் சமைத்துக்கொண்டே பயிற்சி செய்தேன். முன்னால் மிஸ்டர், பின்னால் இங்கிலீஷ் இருந்தால் அது பெயர் சொன்னதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அப்புறம் மடை திறந்தது. "மிஸ்டர் இன்னார் ஈஸ் லேட். மிஸ்டர் இன்னார் ஈஸ் லேசி. மிஸ்டர் இன்னார் நெவர் வாஷஸ் ஹிஸ் பிளேட்." (இங்கே எழுதும்போதும் 'இன்னார்' என்றுதான் கை போகிறது, பாருங்கள்.) குறை சொல்வதென்றால் மட்டும் என் இங்கிலீஷ் அப்படிப் பாய்கிறது.

தோல் மண்டியில் வேலை முடித்து வந்தவர், சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இன்னா, என் பேரு இந்த அடி அடிபடுது?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நல்லதா ஒண்ணு சொல்லேன்."

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "மிஸ்டர் இன்னார் ஈஸ் எ குட் மேன்" என்றேன்.

"மிஸ்டரை எடுத்துட்டுச் சொல்லு. முன்னெல்லாம் கூப்டுவியே."

கரண்டியும் கையுமாக நின்றேன். அவரும் நின்றார். "கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இவ்வளவு நாளும் அது அவருக்கு ஒரு குறையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை மேனேஜர் முன்னால் வெளுத்து வாங்கினேன். லேட்டாக வரும் மிஸ்டர் இன்னார், தட்டுக் கழுவாத மிஸ்டர் இன்னார், கடைசியில் நல்ல மனுஷர் மிஸ்டர் இன்னார். மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "பையர் வந்தா நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே ஓடினேன். என்னைக் கூட்டிப்போக வந்தவர் எதிர்ப்பக்க டீக்கடையில் முதுகைக் காட்டி நின்றார். ஷிஃப்ட் விட்ட கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. சந்தோஷத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மிஸ்டர் இல்லாமல், வெறும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பேரணாம்பட்டு அக்கா வாயில் கைவைத்தார். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். டீ மாஸ்டர்கூட நிமிர்ந்து பார்த்தார். இவர் மட்டும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" என்றேன்.

உடனே திரும்பினார். கிட்டே போய், "பேர் சொல்லி எவ்ளோ நேரமா கூப்புடறது?" என்றேன்.

"நீயா கூப்ட்டே?" என்றார். "யாரோ வேற யாரையோ கூப்புடறாங்கன்னு இருந்துட்டேன்."