கண்ணாடி காலியாகும் வளைவு

எனக்கு வாய் பெரிசு. கோத்தகிரி பஜாரில் தையல் கடை நடத்துகிறவளுக்கு அது வேண்டியதுதான். மிஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும், ஜாக்கெட் இன்றைக்கே வேண்டும் என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவளுக்குக் காது கேட்காத புருஷன் வாய்த்தால் எப்படி இருக்கும்? தொண்டை போனதுதான் மிச்சம்.

அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. குந்தாவில் பவர்ஹவுஸ் வேலை. காலமெல்லாம் டர்பைன் பக்கத்தில் நின்றவருக்கு ரிட்டயர் ஆகும்போதே பாதிக் காதுதான் இருந்தது. மீதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினோம். வீட்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஓரளவு பிடிபடும். வெளியில் காற்றடித்தால் அதற்குள் ஒரே இரைச்சலாம். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

ரிட்டயர் ஆனதும் மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்று, கியர் வைத்த சைக்கிள். மலையில் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்று நான் குதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவார். ஒருமுறை நடுவட்டம் வரைக்கும் போய், அங்கே டீ குடித்துவிட்டு, சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வந்ததும் சமையலறை வாசலில் நின்று, எந்த வளைவில் மூடுபனி இருந்தது, எந்தக் கடையில் வடை சூடாக இருந்தது என்று ஒன்று விடாமல் சொல்வார். வேலை இருக்குதுங்க, போங்க என்று விரட்டுவேன். ஆனால் அந்தப் பேச்சு இல்லாமல் எனக்கு ஞாயிறு விளங்காது.

போன வருஷம் ஒரு வளைவில் பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்திருக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. ஒரு முழம் இடைவெளியில் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறார் டிரைவர். "பஸ்ஸுல இருந்தவங்க எல்லாரும் தலையை வெளிய நீட்டி வாயை வாயை அசைச்சாங்க, அம்மிணி. என்ன திட்டினாங்கன்னுகூடத் தெரியல" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார்.

சைக்கிள் போனால் போகட்டும், விட்டது தொல்லை என்று நான் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பேச்சையும் சேர்த்து மூடிவிட்டார். கடைத்தெருவுக்கு வர மாட்டார், கல்யாணம் காட்சிக்கு வர மாட்டார். சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், ஜன்னலோரம் உட்கார்வார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே வீடு காலியாகிக்கொண்டு வருகிற பயம். கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கும்.

எதிர்க்கடை மெக்கானிக்கிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் கண்ணாடியை வாங்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டச் சொன்னேன். பிறகு அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"ஏனுங்க, வண்டியே வராத ரோடு ஒண்ணு இருக்குதுங்க."

"எங்க? மேலோகத்துலயா?"

"கீழ் கோத்தகிரிப் பக்கமுங்க. எஸ்டேட்டுக்குள்ள போற ரோடு. ஞாயித்துக்கெழமை தேயிலைக் கொழுந்து ஏத்தற லாரிகூட வராதாம்."

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு தடவை வர்றேன். சரிப்பட்டு வரலீன்னா சைக்கிளை வித்துப்போடலாம். அதுக்கப்பறம் நீ அதைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

நான் வாய் திறக்காமல் இருப்பதா! சரி என்று தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த ஞாயிறு காலையில் இரண்டு சைக்கிளையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் கேட்டில் போய் இறங்கினோம். என்னுடையது மகள் காலேஜுக்கு ஓட்டிய பழைய லேடீஸ் சைக்கிள். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண், வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவள். சமதளத்தில் பழகிய காலுக்கு மலை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட் வாச்மேன் வீட்டுப் பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். சிறு பிள்ளையாக சிலோனிலிருந்து வந்தவர், இந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தவர். முந்தின வாரமே மேலே கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தார். சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கித் தோட்டம் லீவு. லாரி ஒண்ணும் வராது. காட்டெருமைதான் நிக்கும். சத்தம் போடாமப் போங்க, அதுங்க தன்னால வெலகிப் போயிரும்."

சத்தம் போடாமல் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

யார் முன்னால் போவது என்று ஒரு சின்னச் சண்டை. நான் முன்னால் போனால் அவர் பின்னால் என்ன ஆனார் என்று தெரியாது. அவர் முன்னால் போனால் நான் கூப்பிடுவது அவருக்குத் தெரியாது. கடைசியில், கண் பார்வையிலாவது இருக்கட்டும் என்று அவரை முன்னால் விட்டேன். காவலுக்கு நான் பின்னால்.

அந்த ரோட்டை என்ன சொல்ல! இரண்டு பக்கமும் தேயிலை, கத்தரித்து மட்டமாக நின்றது. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பள்ளத்தில் மூடுபனி கிடந்தது, வெயில் ஏற ஏற அது மெதுவாக எழுந்து சோலைக்குள் போனது. ஹாரன் இல்லை, புகை இல்லை. என் சைக்கிள் செயின் சத்தம்தான். தொழிலாளர் குடியிருப்பு லைன் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து, சோப்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். என் வயசில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவளைப் பார்த்தால் நானும் சிரிப்பேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. ஒவ்வொரு வளைவைத் திரும்பியதும் அவர் நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வளைவைத் தாண்டினால், அங்கே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். நான் வந்ததும் மறுபடி கிளம்புவார். ஏறுவதென்றால் பரவாயில்லை. இறக்கத்தில், சும்மா உட்கார்ந்தாலே வண்டி ஓடுகிற இடத்திலும் நின்றார்.

"ஏனுங்க, இப்படி வளைவுக்கு வளைவு நின்னா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்! எருமை மாடுகூட இதைவிட வேகமாப் போகுமுங்க!" என்று திட்டினேன். கேட்டால்தானே? பெடலை மிதித்துக்கொண்டு போனார். அத்தனை திட்டும் தேயிலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பஸ் வந்ததும் வளைவில்தான். அந்தப் பயம் இவரை விடவில்லை, வண்டியே இல்லாத ரோட்டிலும் விடவில்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தி பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்து, எப்படியிருக்குதுங்க என்று கையால் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான், வித்துப்போட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நல்ல இறக்கம். அவர் வளைவில் மறைந்தார். நானும் பின்னாலேயே திரும்பினேன். வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்து ஹேண்டில்பாரில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பஸ் நீளத் தூரத்தில், நட்ட நடு ரோட்டில், காட்டெருமை. கருப்பு மலை மாதிரி உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை.

ஐயோ என்று தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். கத்தினால் இவருக்குக் கேட்காது, அதற்குத்தான் கேட்கும். மணி அடித்தாலும் அதே கதை. ஆயுசுக்கும் வாயை வைத்துப் பிழைத்தவளுக்கு, வாய் உதவாத நேரமும் வந்தது.

அவர் பார்வை இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது. கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன், நில்லுங்க என்று. மனிதர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, தன் கையையும் தூக்கி ஆட்டினார்! அடக் கடவுளே. விரலை நீட்டி முன்னால், முன்னால் என்று குத்திக் காட்டினேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

அசையவில்லை. நானும் அசையவில்லை. அது எங்களைப் பார்த்தது, ஒரு முறை மூச்சைச் சீறி விட்டது. பிறகு அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து சோலைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் செடிகள் ஆடின. அப்புறம் அதுவும் நின்றது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். நின்றிருக்காவிட்டால் அந்த இறக்கத்தில் நேரே அதன் மேல்தான் போய் மோதியிருப்பார். அவர் பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"பயத்துலதானுங்க வளைவுக்கு வளைவு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"பயந்தான்" என்றார். "நேர் ரோட்டுல கண்ணாடியில நீ வர்றது தெரியுது. வளைவு திரும்புனா கண்ணாடி காலியாப் போயிருது. நீ விழுந்து கத்தினாக்கூட எனக்குக் கேக்காதே, அம்மிணி. அதான், நீ கண்ணாடிக்குள்ள வர்ற வரைக்கும் நிக்கறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவருக்குக் காவலாக வருகிறேன் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

கொஞ்சம் தெளிந்ததும் காதருகே போய்க் கேட்டேன், "அப்ப, வித்துப்போடலாமுங்களா?"

"எதை? உன்னோடதையா? அந்த ஓட்டை வண்டியை எவன் வாங்குவான்?" என்றார். "அடுத்த ஞாயித்துக்குள்ள அதுக்கு பிரேக் கட்டை மாத்தணும்."

மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெடலை மிதித்தார். அடுத்த வளைவைத் திரும்பியதும் நின்றிருந்தார். நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கீழே இறங்கிப் போனார்.