சீவரத்தினம் மொட்டை அடித்த கதை

சீவரத்தினத்துக்கு இருபத்திரண்டு வயதிலேயே தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. முதலில் நெற்றியின் இரண்டு மூலையும் மேலே ஏறின. பிறகு உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வெளித்தது. அது விரிந்து விரிந்து முன்னால் இருந்த வெளியோடு போய்ச் சேர்ந்துகொண்டது. முப்பது வயதில் காதுகளுக்கு மேலேயும் பிடரியிலும் மட்டும்தான் மயிர் மிஞ்சியிருந்தது. இடப் பக்கத்தில் கொஞ்சத்தை நீளமாக வளர்த்து, எண்ணெய் பூசி, உச்சிக்குக் குறுக்காக இழுத்துப் படிய விட்டிருப்பான். சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று அதைக் கிளப்பி ஒரு பக்கமாக நிமிர்த்திவிடும். ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு போவான்.

அச்சுவேலியில் தண்ணீர் இறைப்பு மெசின் திருத்துகிறவன் அவன். புத்தூர், ஆவரங்கால், இடைக்காடு என்று எந்தத் தோட்டத்தில் மெசின் நின்றாலும் அவனைத் தேடித்தான் ஆள் வரும். வேலையில் குறை சொல்ல ஒருவருமில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காரியம் தலையில் வந்துதான் முறிந்தது. ஓரிடத்தில், "மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராமல் தகப்பன் மட்டும் வந்திருக்கிறார்" என்று அறைக்குள்ளே யாரோ சொன்னது வெளியில் இருந்த அவனுடைய காதில் விழுந்தது. கரிசலாங்கண்ணி எண்ணெயும் வெங்காயச் சாறும் பூசிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு இலங்கை ஆமிக்காரர் தெருவில் இறங்கிய காலம் வந்தது. ஒருநாள் அவன் யாழ்ப்பாணத்துக்குப் போன மினிபஸ்ஸை மறித்து, இளம் ஆட்களை எல்லாம் கீழே இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். சீவரத்தினமும் இறங்கப் போனான். வாசலில் நின்ற சிப்பாய் அவனுடைய தலையைப் பார்த்தான். துவக்கின் நுனியால் அவனை உள்ளே தள்ளி, "ஐயா, இரி" என்றான். பஸ் வெளிக்கிட்டது. இறக்கப்பட்டவர்கள் தெருவோரத்தில் முழங்காலில் இருந்தார்கள். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் வந்தவன் அவர்களில் ஒருவன். அவன் வைத்துவிட்டுப் போன பை யாழ்ப்பாணம் வரை அந்த இருக்கையிலேயே கிடந்தது.

அன்றைக்குத்தான் சீவரத்தினம் கண்ணாடியின் முன்னால் நின்று தன்னுடைய வழுக்கையை நன்றியோடு பார்த்தான். அதற்குப் பிறகு முதுமையை அவனே வளர்க்கத் தொடங்கினான். காற்சட்டையை விட்டு வேட்டிக்கு மாறினான். சென்றிக் காவலைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, முதுகைக் கொஞ்சம் கூனிக்கொண்டு, இருமி இருமி உருட்டிக்கொண்டு போவான். ஆமி போய் இந்திய ஆமி வந்தபோதும் அதே கூனல், அதே இருமல். ஒருவரும் அவனை இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

எண்பத்தெட்டில் தொண்டைமானாற்றுப் பெண் குணலட்சுமிக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்தது. தையல் வேலை செய்கிறவள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிறவள். கல்யாணமாகி ஒரு மாதத்திலேயே தொடங்கிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உந்த நாலு மயிரை ஏன் இந்தப் பாடு படுத்திறியள்? ஒட்ட வழிச்சு விடுங்கோவன்."

"உனக்கு விளங்காது. இந்தத் தலைதான் என்னைக் காப்பாத்திக்கொண்டு இருக்குது."

"ஆரிட்டை இருந்து?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். அவளும் விடவில்லை.

அடுத்த ஆவணியில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம். படம் எடுக்கிறவன் எல்லாரையும் ஒழுங்குபடுத்தி நிறுத்திக்கொண்டு வந்தான். சீவரத்தினத்தின் கையைப் பிடித்து இழுத்து, "பொம்பிளையின்ரை தேப்பன் இஞ்சாலை வாங்கோ, ஐயா" என்று மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். உண்மையான தகப்பன் சிரித்தார். பந்தல் முழுவதும் சிரித்தது. குணலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளின் பின்னால் இருந்து சத்தமில்லாமல் அழுதாள். அவளுடைய கண்ணீர் தன் சேட்டின் முதுகை நனைத்தது அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் தம்பிஐயாவின் சலூனுக்குப் போனான்.

"மிசின் போட்டுக் கட்டையா வெட்டவோ, முழுக்க வழிக்கவோ?" என்று தம்பிஐயா கேட்டார்.

"வழியுங்கோ அண்ணை. ஒண்டும் மிச்சம் வேண்டாம்."

கத்தி பிடரியிலிருந்து மேலே ஏறியது. நீளமாக வளர்த்து வைத்திருந்த அந்தச் சுருள் மடியில் விழுந்தது. முடிந்ததும் தம்பிஐயா ஈரத் துணியால் துடைத்து, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். சீவரத்தினம் தன்னைப் பார்த்துத் திகைத்துப்போனான். மயிர் முழுவதும் போனதோடு வழுக்கையும் போய்விட்டது. நல்ல வடிவான மண்டை. கண்கள் பெரிதாகத் தெரிந்தன. தாடை எடுப்பாக இருந்தது.

"பத்து வயசு குறைஞ்சு போச்சுதடா தம்பி" என்றார் தம்பிஐயா. "இவ்வளவு நாளும் இதை விட்டிட்டு என்ன செய்தனி?"

வீட்டுப் படலையைத் திறந்தபோது குணலட்சுமி தையல் மெசினிலிருந்து நிமிர்ந்து, "ஆர் தம்பி வேணும்?" என்று கேட்டாள். பிறகுதான் ஆளைக் கண்டுகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிட்ட வந்து அவனுடைய தலையில் உள்ளங்கையை வைத்தாள், எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் அந்த வீட்டில் நல்ல சந்தோசம். மயிர் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் அவளே சவர்க்காரம் பூசி வழித்துவிட்டாள். அவன் கூனுவதை விட்டான். இருமுவதையும் மறந்தான்.

ஒரு காலை அயல்வீட்டுப் பத்மாவதி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். ரியூசனுக்குப் போன அவளுடைய மகனை இந்திய ஆமியோடு நிற்கும் ஆயுத இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். சந்தியில், பஸ்ஸில், தோட்டத்தில் என்று கண்ட இடமெல்லாம் பொடியளைப் பிடித்துத் தங்கள் படையில் சேர்க்கிறார்களாம். வாய் ஓயாமல் அழுதுகொண்டே சொன்னாள்:

"என்ரை பிள்ளையின்ரை தலையை வழிச்சுப் போட்டாங்கள், குணம். பிடிக்கிற எல்லாருக்கும் உதுதானாம். ஓடினாலும் மொட்டையைக் கண்டு திருப்பிப் பிடிச்சிடுவாங்களாம். ஓடி வந்த ரண்டு பேரை நேற்றைக்கு..."

அவ்வளவில் பத்மாவதி நிறுத்திவிட்டாள். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற சீவரத்தினத்தின் மேல் அவளுடைய பார்வை போய் நின்றது. குணலட்சுமியும் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள்தான் வழித்த தலை வெயிலில் மினுங்கியது.

அதன் பிறகு அந்த வீட்டில் சிரிப்பில்லை. குணலட்சுமி விடிந்தால் அவனை வெளிச்சத்தில் இருத்தி மயிர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பாள். "நான்தானே சொன்னனான், நான்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். தொப்பி போட்டால் கழற்றிப் பார்ப்பார்கள். சால்வை கட்டினால் இன்னும் சந்தேகப்படுவார்கள். யீப் வண்டிச் சத்தம் கேட்டால் அவன் மாட்டுக்கொட்டிலின் பின்னால் போய் நிற்பான். யீப் போய்விடும். ஆனால் சத்தம் காதிலிருந்து போகாது.

அப்படி இருக்கும்போது இடைக்காட்டிலிருந்து நமசிவாயம் என்ற தோட்டக்காரர் வந்தார். மெசின் நின்று மூன்று நாளாம். வெங்காயம் வாடுகிறதாம்.

"ஒழுங்கையாலை கூட்டிக்கொண்டு போறன் தம்பி. றோட்டுப் பக்கமே போகத் தேவையில்லை."

"போகாதேங்கோ" என்றாள் குணலட்சுமி.

அந்த மனிசனின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. மெசின் திருத்தும் சாமான் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டான்.

இரண்டாம் ஒழுங்கை முடக்கில் யீப் நின்றது. முன்னால் போன நமசிவாயத்தை அதிலிருந்த இயக்கக்காரர் விட்டுவிட்டார்கள். சீவரத்தினத்தைக் கண்டதும் மூன்று பேர் குதித்து இறங்கினார்கள்.

"எந்தக் காம்பாலை ஓடி வந்தனி?"

"நான் ஓடேல்லை. மெசின் திருத்தப் போறன். எனக்கு முப்பத்திமூண்டு வயசு."

"எனக்கு அறுவது" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். சீவரத்தினம் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். வாங்கியவன் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான். "இதென்ன, உன்ரை கொப்பரின்ரை காட்டோ?" என்று கேட்டு அட்டையைத் தன்னுடைய பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன பெரிய வீடொன்றுதான் அவர்களுடைய காம்ப். முற்றத்து வெயிலில் நாற்பது ஐம்பது பேர் குந்தியிருந்தார்கள். எல்லாம் மொட்டைத் தலைகள். மீசை அரும்பாத முகங்கள். சீவரத்தினத்தைத் தள்ளிக்கொண்டுபோய் விறாந்தையில் பொறுப்பாளனுக்கு முன்னால் விட்டார்கள். அவன் தலையில் துணித் தொப்பி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"குனி" என்றான். சீவரத்தினம் குனிந்தான். பொறுப்பாளன் கையை வைத்துத் தலையைத் தடவினான். காதுப்பக்கம் சொரசொரத்தது. உச்சிக்குப் போன கை அங்கேயே நின்றது.

"இதென்ன, நடுவிலை ஒண்டும் முளைக்கேல்லை?"

"அது கன காலமா முளைக்கிறேல்லை."

பொறுப்பாளன் கையை எடுத்தான். பிறகு, "கதிரை ஒண்டு கொண்டாங்கோ" என்றான். சீவரத்தினத்தை அதில் இருத்தினார்கள். தேத்தண்ணியும் வந்தது. "எத்தினை வயசிலை கொட்டத் தொடங்கினது?"

"இருபத்திரண்டிலை."

"முன்னாலையோ, உச்சியாலையோ?"

"முன்னாலை."

அவன் தொப்பியைக் கழற்றினான். நெற்றியின் இரண்டு மூலையும் நன்றாக மேலே ஏறியிருந்தன. "எனக்கும் முன்னாலைதான். வெங்காயச் சாறு பூசினால் நிக்குமாம், உண்மையோ அண்ணை?"

"நான் பூசிப் பாத்தனான். மணம்தான் மிச்சம்."

பொறுப்பாளன் வாய்விட்டுச் சிரித்தான். பயத்தில் சீவரத்தினமும் சிரித்தான். முற்றத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒருமிக்க நிமிர்ந்து அவர்களைப் பார்த்தன. அந்த வரிசையில் பத்மாவதியின் மகனும் இருந்தான்.

"வழிச்சால் எனக்கும் இப்பிடி வடிவா இருக்குமோ?"

சீவரத்தினம் முற்றத்துத் தலைகளைப் பார்த்தான். "ஓம், இருக்கும்" என்றான். "உங்கடை மண்டை நல்ல உருண்டை."

பொறுப்பாளன் முற்றத்தைப் பார்த்து, "கேட்டியளோடா, மொட்டை வடிவாம்" என்று கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அட்டையை வாங்கிக் கொடுத்துச் சொன்னான்: "போங்கோ அண்ணை. மயிர் வளருமட்டும் வெளியிலை திரியாதேங்கோ. எல்லாரும் தடவிப் பாத்துக்கொண்டு நிக்க மாட்டாங்கள்."

படலை வரை நடந்தபோது பத்மாவதியின் மகன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் உறைத்தது. திரும்பி ஒரு சொல் கேட்டிருக்கலாம், இந்தப் பிள்ளையையும் விடுங்கோ என்று. கேட்கவில்லை. அதைப் பத்மாவதிக்கும் சொல்லவில்லை. குணலட்சுமிக்கு மட்டும் சொன்னான்.

மாசி பங்குனியில் இந்திய ஆமி கப்பல் ஏறியது. அவர்களோடு நின்றவர்களும் சிதறிப்போனார்கள். இந்திய ஆமியோடு சண்டை பிடித்த மற்ற இயக்கம் ஊருக்குள் வந்தது. பிடித்துச் செல்லப்பட்ட பொடியள் சிலர் அவர்களிடம் சரணடைந்து, கண்டதையெல்லாம் சொன்னார்கள். காம்பில் கதிரையில் இருந்து பொறுப்பாளனோடு தேத்தண்ணி குடித்துச் சிரித்த ஒருத்தரைப் பற்றியும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்மாவதியின் மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவன் சொன்னதா, வேறு யாரும் சொன்னதா என்பது சீவரத்தினத்துக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அந்த இயக்கக்காரர் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் இருட்டறையில் வைத்து விசாரித்தார்கள். கேள்வி ஒன்றுதான்.

"எல்லாரையும் வைச்சிருந்தவன் உம்மை மட்டும் ஏன் விட்டவன்?"

"என்ரை வழுக்கையைப் பாத்திட்டு விட்டவன்."

"அவனோடை என்ன கதைச்சனீர்?"

"மயிர் கொட்டிறதைப் பற்றி."

முதல் நாள் அடித்தார்கள். பிறகு வேறொருவர் வந்து அதே கேள்வியைத் தன்மையாகக் கேட்டார். அவன் அதே பதிலைச் சொன்னான். வேறு பதில் அவனிடம் இல்லை. பல மாதம் கழிந்து வெளியில் வந்தபோது காதோர மயிர் தோள் வரை தொங்கியது. முன்பற்கள் இரண்டைக் காணவில்லை. குணலட்சுமி படலையில் நின்று பார்த்தாள். இந்தத் தரமும் அவளுக்கு உடனே ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஆர் என்று கேட்கவில்லை. போய்க் கையைப் பிடித்தாள்.

விட்டவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மாதத்தில் முதல் திங்கட்கிழமை தாங்கள் இருக்கும் வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அவன் போனான். சிலவேளை படலையில் நிற்கிறவன் கையைக் காட்டிப் போகச் சொல்வான். சிலவேளை பின்னேரம் வரை இருத்திவைத்து, பழைய கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். மகள் பிறந்தாள், நடந்தாள், நேர்சரிக்குப் போனாள். ஆட்கள் மாறினார்கள். எதற்காக அவன் வருகிறான் என்று தெரியாதவர்கள் கூட அவனைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். இனி வரத் தேவையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஷெல் அச்சுவேலிக்குக் கிட்ட விழத் தொடங்கியது. ஊர் மூட்டை கட்டியது. குணலட்சுமி மகளையும் தையல் மெசினின் தலையையும் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க, சீவரத்தினம் கையெழுத்து வைக்கும் அந்த வீட்டுக்கு ஓடினான். படலை திறந்து கிடந்தது. உள்ளே மேசையும் இல்லை, ஆட்களும் இல்லை. முற்றத்தில் நின்று, "ஆரும் நிக்கிறியளோ?" என்று கூப்பிட்டான். இன்னொரு தரம் கூப்பிட்டான். பிறகு திரும்பி வந்தான்.

சனத்தோடு சனமாகக் கைதடிப் பக்கம் நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. சீவரத்தினம் அடிக்கடி நின்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாக்கிறியள்?" என்றாள் குணலட்சுமி.

"ஒருத்தரிட்டையும் சொல்லாமல் வந்திட்டன்."

"ஆரிட்டைச் சொல்லுறது? பிள்ளை நனையுது. நடவுங்கோ."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.