சித்தி தேர்ந்தெடுத்த ஆண்டிவைரஸ்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சித்திக்காக. ஆனால் வந்த நாளிலிருந்தே அது என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. வையம்பட்டிப் பக்கம் தாத்தாவுக்குக் கடலைக்காடு. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் சித்தி ஒருத்திதான். திருச்சியில் எம்.சி.ஏ. படிக்க இடம் கிடைத்தபோது, ஹாஸ்டல் எதற்கு, நம் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். மூத்த மகளை நம்பித் தாத்தா அனுப்பிவைத்தார். நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார்.

கடைசி வருடம் சித்தி புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் செய்துகொள்கிறேன் என்றாள். தட்டி வைத்து மறைத்த அந்தச் சின்னச் சின்ன அறைகளைப் பற்றி அப்பாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வயசுப் பெண் அங்கெல்லாம் போய் உட்கார வேண்டாம் என்று சொல்லி, கூட வேலை செய்கிறவர் ஒருவரிடமிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து உள்ளறையில் வைத்தார்.

சித்தியின் புராஜெக்ட், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் புரோகிராம். அதைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு நோயாளிகள் வேண்டும். வீட்டில் சும்மா இருந்தவன் நான். தினமும் எனக்கு ஒரு வியாதி. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் காதுவலி. என் பெயரையும் வயதையும் தட்டிவிட்டு, "நம்பர் நாலு, உள்ள வாங்க" என்பாள். நான் கதவுக்கு வெளியே போய்விட்டு முனகிக்கொண்டே வருவேன். அம்மா அடுப்படியிலிருந்து, "படிக்கிறீங்களா, நாடகம் போடுறீங்களா?" என்று கேட்பாள்.

பழைய சொந்தக்காரர் போட்டுவைத்திருந்த ஆண்டிவைரஸின் காலம் முடிந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பெட்டி வந்து, புதுப்பிக்கச் சொல்லிக் காசு கேட்கும். இலவசமாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றாள் சித்தி. நான் அப்போதே ஏதாவது ஒன்றை இறக்கிப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டாள். எது கம்ப்யூட்டரை ரொம்ப இழுத்துப் பிடிக்காமல் வேலை செய்யும், எது வருடா வருடம் பதியச் சொல்லும், எது எங்கள் ஆமைவேக இணைப்பிலும் அன்றாடம் புதுப்பித்துக்கொள்ளும், எது இலவசம் என்று சொல்லிவிட்டு ஒரு மாதத்தில் கையை நீட்டும். இப்படி நாலு பெயர்களுக்கு எதிரே எழுதிக்கொண்டே போனாள். கல்லூரியில் சீனியர்களைக் கேட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

என் கட்சி வேறாக இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீட்டு ஆண்டிவைரஸ் பெண் குரலில் பேசுமாம். அதையும் போடுவோம், இதையும் போடுவோம், இரண்டு காவல்காரர்கள் இருந்தால் நல்லதுதானே என்றேன்.

"ஒரு உறையில ரெண்டு கத்தி வைக்க முடியுமாடா? இது அதைத் திருடன்னு பிடிக்கும், அது இதைத் திருடன்னு பிடிக்கும். நடுவுல மிஷின் நின்னுபோயிடும்."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது பார்வைக்கு ஒன்றுமில்லாதது. திரையின் வலது மூலையில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு, அவ்வளவுதான். பேசாது, சுழலாது. எனக்குப் பெரிய ஏமாற்றம். அதைத் தயாரித்தவர்களின் இணையப் பக்கத்துக்கே போய் இறக்கினாள். இறக்கும்போது என்னையும் அருகில் உட்காரவைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "திரையில தானா வந்து 'உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு'ன்னு எதாச்சும் சொல்லுச்சுன்னா தொடாத. முன்னப்பின்ன தெரியாதவன் கதவைத் தட்டி, உங்க வீட்ல பாம்பு இருக்கு, நான் பிடிச்சுத் தரேன்னு சொன்னா உள்ள விடுவியா?"

விடமாட்டேன் என்று தலையாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தி தன் பேராசிரியரிடம் புராஜெக்ட் அறிக்கையைக் காட்டக் கல்லூரிக்குப் போயிருந்தாள். அம்மா கீழ்வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கார் பந்தய விளையாட்டு ஒன்றைத் தேடி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுவதும் சிவப்பானது. உன் கம்ப்யூட்டரில் முந்நூற்றுச் சொச்சம் வைரஸ்கள் இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: இலவசமாகச் சுத்தம் செய்.

சித்தி சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் பாம்பு இருக்கிறது என்று சொன்னவன் அதன் எண்ணிக்கையையும் சொல்கிறானே! சித்தியின் புரோகிராமை அது தின்றுவிட்டால்? அதற்குள் நான் காப்பாற்றிவிட்டால்? சாயங்காலம் சித்தி வந்ததும் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவைத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். முதலில், ஏற்கெனவே இருந்த சித்தியின் ஆண்டிவைரஸை எடுத்துவிடச் சொன்னது. எடுத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரையின் மூலையில் தங்க நிறத்தில் ஒரு கேடயம் வந்து நின்று மெதுவாகச் சுழன்றது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

சித்தி களைத்து வந்தாள். அறிக்கையில் ஏகப்பட்ட திருத்தம். அன்று அவள் கம்ப்யூட்டரையே தொடவில்லை. நானும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்க அப்பா உட்கார்ந்தார். அவர் எதையும் அழுத்துவதற்கு முன்பே ஒரு பக்கம் தானாகத் திறந்தது. பெண்களும் ஆண்களுமாகப் படங்கள். உனக்காக ஒருவர் காத்திருக்கிறார், பேச வா என்று எழுதியிருந்தது. அப்பா மூடினார். இன்னொன்று திறந்தது. அதில் இருந்த படத்தை நான் பார்ப்பதற்குள் அப்பா தன் கையால் திரையை மறைத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். சித்தியை அவர் கூப்பிடவில்லை. அம்மாதான் போய்க் கூட்டிவந்தாள்.

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாருகூடப் பேசுற?" என்றாள் அம்மா.

"யாருகூடயும் இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்புறம் இதெல்லாம் எப்படி வருது? தானா வருமா?" இது அப்பா.

"வரும் மாமா. வைரஸ் இருந்தா தானா வரும்."

"நீதானே வாரக்கணக்குல உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணி ஆண்டிவைரஸ் போட்ட? அது இருக்கறப்ப வைரஸ் எப்படி வரும்?"

சித்தி திரையின் மூலையைப் பார்த்தாள். "மாமா, நான் போட்டது இது இல்ல. அதை யாரோ எடுத்திருக்காங்க. இது வேற."

"அது இதுன்னு சொல்லிக் குழப்பாத. இந்த வீட்ல இதைப் போடவும் எடுக்கவும் தெரிஞ்சது யாரு?"

அப்போது சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "தம்பி, நீ எதாச்சும் இறக்குனியாடா? இறக்கியிருந்தா சொல்லு. ஒண்ணும் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். "இல்ல சித்தி, நான் கேம் மட்டும்தான் விளையாடுனேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சின்னப் பையன் மேல பழி போடாத" என்றார் அப்பா.

அடுத்த நாள் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும் சித்தி படிக்கட்டுவரை பின்னாலேயே போனாள். "மாமா, ஒரு மணி நேரம் குடுங்க. என் புராஜெக்ட்டை மட்டும் எடுத்துக்கறேன்." அவள் கெஞ்சக் கெஞ்ச, அதில் மறைக்க வேறு ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அப்பாவுக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. ஆட்டோ போய்விட்டது. நாலு மாத உழைப்பில் சித்தியிடம் மிஞ்சியது, திருத்தங்கள் நிறைந்த அந்த அச்சு அறிக்கை மட்டும்தான்.

வியாழக்கிழமை வையம்பட்டியிலிருந்து தாத்தா வந்தார். சாப்பிடக்கூட இல்லை. சித்தி தன் துணிகளையும் புத்தகங்களையும் இரண்டு பைகளில் கட்டினாள். நான் அவளோடு சந்துமுனைவரை போனேன். பஸ் வரும்வரை அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். புராஜெக்ட் அழிந்துபோன வருத்தத்தில் ஊருக்குப் போகிறாள், சரியானதும் வந்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். சமயபுரத்தில் தாலி கட்டி, வையம்பட்டியில் விருந்து. புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் மூன்று ஜாங்கிரி தின்றேன். எம்.சி.ஏ. முடியவில்லை என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான்; இன்றும் நல்லவர்தான். அதனாலேயே எங்கள் வீட்டில் எல்லோரும் நடந்தது நன்மைக்கே என்று பேசிக்கொள்ள வசதியாகப் போய்விட்டது.

இப்போது சித்தி ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்து அதிலேயே வேலையும் பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு தாளை மிஷினில் வைத்து மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியும்டா. இறக்குன நேரம் கம்ப்யூட்டர்லயே போட்டிருந்துச்சு. சனிக்கிழமை பதினொண்ணரை மணி. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன்."

"அதைக் காட்டியிருக்கலாமே சித்தி?"

"உங்கம்மாகிட்ட காட்டினேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே. பார்த்தா. அப்புறம், 'அவன் சின்னப் பையன், உங்க மாமா அடிச்சே கொன்னுடுவாரு, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்'னா. அதுக்குள்ள ஊருக்குப் போன் போயிடுச்சு. அப்புறம் எங்க சொல்றது?"

ஒரு பெண் சாதிச் சான்றிதழோடு வந்தாள். சித்தி அவளைக் கவனிக்கப் போய்விட்டாள். அம்மாவிடம் இதை நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பதைவிட, என்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிவிடுவாளோ என்றே பயமாக இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை தாத்தா வந்து உட்கார்ந்ததும், அப்பா உள்ளறைக் கதவைச் சாத்தினார். கடையிலிருந்து வந்த கம்ப்யூட்டரும் அந்த அறையில்தான் இருந்தது. எங்கே என் பெயர் வந்துவிடுமோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். என் பெயர் வரவில்லை. அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னும் முழுசாக் கெட்டுப் போகல மாமா. ஆனா இங்கயே விட்டுவெச்சா கெட்டுப் போயிடும்."

கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நிம்மதியாகக் கீழே இறங்கி விளையாடப் போனேன்.