நாலாவது அழைப்பு

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி எடுப்பவள் அவள். அலுவலகத்துக்கே 'டெலிபோன் அக்கா'. எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் நேரம், தெரு, எத்தனை பேர் என்று மூன்றையும் வாங்கி எழுதாமல் விடமாட்டாள்.

அணையைத் திறந்துவிட்ட அன்று காலை, ஆற்றோரத் தெருவிலிருந்து ஒரு தையல்காரி நான்கு முறை அழைத்தாள். முதலில் முழங்கால் தண்ணீர், அப்புறம் இடுப்பளவு. ஒவ்வொரு முறையும் அக்கா சீட்டெழுதிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அங்கே அதிகாரி, பார்வையிட வரும் அமைச்சரை எந்தப் படகில் ஏற்றுவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

"வெச்சிட்டுப் போம்மா, பார்க்கலாம்."

நான்கு முறையும் இதே பதில்தான். மூன்று படகுகளும் துடைத்து வைத்தபடி வாசலிலேயே கிடந்தன.

வெள்ளச் சாவுகள் பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் அதிகாரி ஒரு புதுப் பதிவேட்டோடு வந்தார்.

"பழசு நனைஞ்சு போச்சுல்ல? இதுல நீட்டா எழுதிடும்மா. அந்தத் தெருவுல இருந்து போனே வரல. லைன் கட்."

"நனையலையே சார். என் பீரோவுல பத்திரமா இருக்கு."

"ரிட்டையர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு உனக்கு?" என்று சிரித்தார்.

அவள் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய பதிவேட்டைத்தான் எடுத்துப் போனாள். ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு வாசித்தாள். "அவ்வளவு விவரம் வேணாம்மா" என்று விசாரணைத் தலைவர் கையமர்த்தினார். பின்வரிசையில் தையல்காரியின் கணவன் எழுந்து நின்றான்.

"கடைசியா என்ன சொன்னா, அக்கா?"

அவள் பதிவேட்டை மூடினாள். "'பிள்ளைங்களைப் பரண்ல ஏத்திட்டேன். சும்மா சும்மா கூப்பிடுறேன்னு கோவிச்சுக்காதீங்க'ன்னு சொன்னாங்க தம்பி."

பிள்ளைகள் பிழைத்தார்கள். பரணில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

அதிகாரி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலைவர் டீ ஆறுகிறதென்று எடுத்துக் குடித்தார்.

அறிக்கையில் ஒரே வரி: 'தகவல் தொடர்பில் சிறு தாமதம்.' அதிகாரிக்குப் பதவி உயர்வு. அக்காவைப் பழைய காகிதக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள்.

"உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்களோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கேனே, அதை நினைச்சாதான் அருவருப்பா இருக்கு."

தையல்காரியின் கணவன் வழக்குப் போட்டான். சாட்சிப் பட்டியலில் முதல் ஆளாக அவளே போய்க் கையெழுத்துப் போட்டாள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு வாய்தாவையும் தவறவிட்டதில்லை.